திருத்தப்பட்ட குறைகள்

பிரான்ஸின் நார்மண்டிப் பகுதியில் லிசியூ என்றொரு சிறு நகரம். அங்கிருந்த கார்மேல் மடம் 1898 செப்டம்பர் 30 அன்று ஒரு புத்தகத்தை வெளியிட்டது. சரியாக ஓராண்டுக்கு முன்பு, 24 வயதில், காசநோயால் இறந்துபோன ஒரு துறவி தன்னைப் பற்றி எழுதி வைத்திருந்த குறிப்புகள்தாம் அந்தப் புத்தகம். பெயர், ‘ஓர் ஆன்மாவின் வரலாறு’. அச்சிட்டவை 2,000 படிகள். கார்மேல் மடங்களில் ஒருவர் இறந்தால் அவரைப் பற்றி ஒரு நினைவுக் கடிதம் எழுதி மற்ற மடங்களுக்கு அனுப்புவது வழக்கம். இந்தத் துறவி நோயில் கிடந்தபோதே, இவரைப் பற்றி எழுத அப்படி என்ன இருக்கிறது என்று உடன் வாழ்ந்த சகோதரி ஒருவர் வியந்ததாகச் சொல்வார்கள். கடிதத்துக்குப் பதில் புத்தகம் போயிற்று. 27 ஆண்டுகளில் அவர் புனிதர். நம் ஊர்க் கோயில்களில் கையில் பாடுபட்ட சுரூபமும் ரோஜாக் கொத்துமாக நிற்கிறாரே, அந்தச் சிறுமலர் தெரேசா இவர்தான்.

அந்த 2,000 படிகளில் இருந்தது தெரேசா எழுதியது அப்படியே அல்ல. அவருடைய அக்கா போலின் அதே மடத்தில் அன்னை ஆக்னெஸ் என்ற பெயரில் துறவியாக இருந்தார். தங்கையின் மூன்று கையெழுத்துப் படிகளையும் எடுத்து, இயல் பிரித்து, நடையைச் செப்பனிட்டு, வீட்டு விஷயங்களைக் குறைத்து, வேறு வேறு ஆட்களுக்கு எழுதப்பட்டிருந்ததை எல்லாம் ஒரே மடத்தலைவிக்கு எழுதியதுபோல மாற்றி அமைத்தார். திருத்தங்கள் 7,000க்கு மேல் என்று பின்னால் கணக்கிட்டார்கள். அன்னை ஆக்னெஸ் 1951இல் இறந்த பிறகே மூலத்தை மீட்கும் வேலை தொடங்கியது. பிரான்சுவா தெ செந்த் மரி என்ற கார்மேல் சபைக் குரு, சுரண்டி அழிக்கப்பட்டும் மேலெழுதப்பட்டும் கிடந்த வரிகளை மீட்டு, 1956இல் மூலத்தின் நிழற்படப் பதிப்பைக் கொண்டுவந்தார். அக்காவின்மேல் மோசடிப் பழி சுமத்த முடியாது. வேண்டியதைச் சேர்க்கவும் நீக்கவும் தெரேசாவே மரணப் படுக்கையில் அவருக்கு உரிமை தந்திருந்தார்.

புகைப்படங்களின் கதையும் இப்படித்தான். இன்னொரு அக்கா செலின் 1894இல் மடத்துக்குள் வந்தபோது புகைப்படக் கருவியையும் கொண்டுவந்தார். அந்தக் காலத்து மடங்களில் இது அரிது. அந்தக் கருவிதான் துணி துவைக்கிற, வைக்கோல் உலர்த்துகிற, நோயில் சாய்ந்திருக்கிற தெரேசாவை நமக்குக் காட்டுகிறது. கருவி பதிவு செய்தது அழுத்தமான தாடையும் நேர்ப்பார்வையும் கொண்ட ஒரு கிராமத்து முகம். உலகம் பார்த்ததோ செலின் தூரிகையால் மென்மையாக்கியதும், அதை வைத்துப் புதிதாகத் தீட்டியதும். 1944இல் ஜெர்மானிய எழுத்தாளர் இடா கோரஸ் தெரேசாவைப் பற்றி எழுதிய நூலுக்கு ‘மறைந்த முகம்’ என்றே பெயர் வைத்தார். படங்களின் அசல்கள் தொகுப்பாக வெளிவர 1961 ஆயிற்று.

குறைகளோடு கடவுள்முன் நிற்கலாம் என்பதைத்தான் தெரேசா தன் வழியாகச் சொன்னார். அந்தக் குறைகளைத் துடைத்தவர்கள் அவரை வெறுத்தவர்கள் அல்லர், உயிராக நேசித்தவர்கள். அக்காமாரின் பாசம் என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. நிறைவை நோக்கி முயல்வதைவிட நிறைவின்மையை ஒப்புக்கொண்டு வாழ்வது கிறிஸ்தவ ஆன்மிகத்தில் கடினமான காரியம். முயற்சிக்குக் கணக்கு உண்டு. காட்டுவதற்கு ஏதாவது கிடைக்கும். மற்றதற்கு அது இல்லை. தெரேசா இதை எப்படிக் கற்றார் என்று பார்த்தால், அவர் தொடங்கியதே கணக்கில்தான் என்று தெரிகிறது.

1873 ஜனவரி 2 அன்று அலான்சோன் நகரில் பிறந்தாள். தந்தை லூயி மர்த்தேன் கடிகாரக்காரர். தாய் ஸெலி, அந்த ஊருக்குப் பேர்போன லேஸ் பின்னலில் தேர்ந்தவர். ஆள் வைத்துத் தொழில் நடத்தியவர். ஒன்பது பிள்ளைகளில் ஐந்து பெண்கள் தங்கினார்கள். கடைக்குட்டி தெரேசா. இவளுடைய பிடிவாதத்தைப் பற்றித் தாய் கடிதங்களில் எழுதியிருக்கிறார்: இல்லை என்றால் இல்லைதான், நாள் முழுக்க நிலவறையில் அடைத்தாலும் அங்கேயே படுத்துறங்குவாளே தவிர ஆம் என்று சொல்லமாட்டாள். இந்த இடத்தைத் தெரேசா பிற்காலத்தில் தன் குறிப்பேட்டில் தானே எடுத்துச் சேர்த்தார் என்பது கவனிக்கத்தக்கது. அந்த வீட்டில் இன்னொரு பழக்கமும் இருந்தது. பிள்ளைகள் தங்கள் விருப்பத்தை ஒறுத்துச் செய்யும் ஒவ்வொரு சிறு செயலுக்கும் ஒரு மணியை நகர்த்தும்படி கயிற்றில் கோத்த மணிகள் தரப்பட்டன. நாலு வயது வாக்கிலேயே தெரேசாவின் கை பாவாடைப் பைக்குள் போய் மணியை நகர்த்தக் கற்றுக்கொண்டது. 1884இல் முதல் நற்கருணைக்கு ஆயத்தமானபோது, அதற்குள் கார்மேலில் சேர்ந்துவிட்ட போலின் அவளுக்கு ஒரு சிறு புத்தகம் செய்து அனுப்பினார். நாள்தோறும் செய்த ஒறுத்தல்களையும் சொன்ன சிறு மன்றாட்டுகளையும் பூக்களின் பெயரால் அதில் குறிக்க வேண்டும். பதினொரு வயதுச் சிறுமி சில வாரங்களில் ஆயிரக்கணக்கில் குறித்துத் தீர்த்தாள்.

இந்தக் கணக்கு வழக்கு அந்த வீட்டின் தனி விசித்திரம் அல்ல. பிரெஞ்சுக் கத்தோலிக்கத்தில் அப்போதும் யான்சனியம் என்ற கடுமையான போக்கின் வாடை இருந்தது. கொர்னேலியுஸ் யான்சனின் ‘அகுஸ்தினுஸ்’ என்ற நூல் 1640இல் வந்தது. மூன்றாண்டு கழித்து அந்துவான் அர்னோ, அடிக்கடி நற்கருணை வாங்குவதை எதிர்த்து நூல் எழுதினார்: தகுதி வேண்டும், தகுதிக்கு நீண்ட தவம் வேண்டும் என்று. 1713இல் ரோம் இந்தப் போக்கைக் கண்டித்தும் மனப்பாங்கு போகவில்லை. தெரேசா மடத்தில் இருந்த காலத்தில் துறவிகளுக்கே தினமும் நற்கருணை கிடையாது. அதற்கென்று அனுமதி பெறவேண்டும். பத்தாம் பத்திநாதர் இந்தக் கதவைத் திறந்தது 1905இல், தெரேசா இறந்து எட்டாண்டு கழித்து.

அந்தக் காற்றைச் சுவாசித்து வளர்ந்த சிறுமிக்கு வரவேண்டியது வந்தது. 1885 மே மாதம் பள்ளியில் நடந்த தியானத்தில் குரு சாவான பாவத்தைப் பற்றிப் பேசினார். அன்று பிடித்தது ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு விடவில்லை. நினைப்பதெல்லாம் பாவமோ, செய்வதெல்லாம் பாவமோ என்ற அரிப்பு. கடற்கரை ஊரில் தங்கியிருந்தபோது தலையில் கட்டிய நீல ரிப்பன் அழகாக இருப்பதாக ஒரு கணம் மகிழ்ந்ததைக்கூடப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கிறாள். தினமும் அக்கா மரியிடம் எல்லாவற்றையும் கொட்டுவாள். குருவிடம் எதைச் சொல்லலாம், எதை விட்டுவிடலாம் என்று மரி பிரித்துக் கொடுப்பாள். பள்ளிப் படிப்பும் நின்றது. 1886 அக்டோபரில் மரியும் மடத்துக்குப் போனபோது, சின்ன வயதிலேயே இறந்துபோன தன் நான்கு உடன்பிறப்புகளிடம் மன்றாடியதாகவும், அமைதி கிடைத்ததாகவும் தெரேசா எழுதுகிறார். அந்தக் கிறிஸ்துமஸ் இரவில் தொட்டதற்கெல்லாம் அழும் குணமும் போயிற்று. பத்தாண்டு தன்னால் முடியாததை இயேசு ஒரே கணத்தில் செய்தார் என்பது அவர் கணிப்பு. தன் முயற்சி தோற்ற இடத்தில் வேறொருவர் வேலை செய்கிறார் என்ற எண்ணம் முளைத்த முதல் இடம் இதுவாக இருக்கலாம்.

பாவ அரிப்பு என்ற இந்த நோய் கிறிஸ்தவ வரலாற்றில் பெரிய மனிதர்களையும் ஆட்டிப் படைத்திருக்கிறது. 1522இல் மன்ரேசாவில் இஞ்ஞாசியார் சொன்ன பாவத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு, தற்கொலை எண்ணம்வரை போனார். எர்ஃபுர்ட் மடத்தில் இளம் லூத்தர் தன் ஆன்மகுரு ஸ்டௌபிட்ஸைப் பாவசங்கீர்த்தனத்தால் களைப்படையச் செய்தார். ஆனால் தெரேசாவைப் புரிந்துகொள்ள உதவுகிறவர் பிரான்சிஸ் சலேசியார். 1586-87 வாக்கில் பாரிஸில் மாணவராக இருந்தபோது, தான் நரகத்துக்கென்றே முன்குறிக்கப்பட்டவனோ என்ற திகிலில் பல வாரம் நொந்தவர். 1609இல் ‘பக்தி வாழ்வுக்கு முன்னுரை’ எழுதியபோது அந்த அனுபவம் சும்மா போகவில்லை. நாம் நம்மிடமே சாந்தமாக இருப்பது பற்றி அதில் தனி இயல் உண்டு. கோபப்பட்டதற்காகக் கோபப்படுகிறோம், அப்படிக் கோபப்பட்டதற்காக மறுபடி எரிச்சலடைகிறோம். இந்தச் சங்கிலி வருத்தம்போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது தற்பெருமை என்கிறார் அவர். நானா இப்படி விழுந்தேன் என்ற அதிர்ச்சி, விழமாட்டேன் என்று நம்பியவனுக்குத்தானே வரும்! சலேசியார் 1610இல் ஜேன் தெ ஷாந்தாலோடு சேர்ந்து தொடங்கிய விசிட்டேஷன் சபையின் லெ மான் மடத்தில்தான் ஸெலியின் அக்கா துறவியாக இருந்தார். மரியும் போலினும் படித்த விடுதிப் பள்ளியும் அதுவே. ஆக, மர்த்தேன் வீட்டில் இரண்டு காற்றும் வீசின: எண்ணச் சொல்லும் காற்று ஒன்று, பொறுத்துக்கொள்ளச் சொல்லும் காற்று ஒன்று.

1888 ஏப்ரல் 9 அன்று, 15 வயதில், தெரேசா மடத்துக்குள் போனார். குளிர்காலத்தில் அறைகளுக்குக் கணப்பு கிடையாது. தூக்கம் குறைவு. அந்த இளம் பெண் தியான நேரத்தில் தூங்கிவிழுந்தார், நற்கருணை வாங்கியபின் நன்றி சொல்லும் நேரத்திலும் தூங்கினார். ஒருநாள் இருநாள் அல்ல, ஏழாண்டு காலம். இதற்காகத் தான் நொந்துபோயிருக்க வேண்டும், ஆனால் நோகவில்லை என்று எழுதுகிறார். தூங்கும் பிள்ளையும் பெற்றோருக்குப் பிடித்த பிள்ளைதானே, அறுவை சிகிச்சைக்கு மருத்துவரும் நோயாளியைத் தூங்கத்தானே வைக்கிறார் என்பது அவர் சமாதானம். தனியாகச் செபமாலை சொல்வது முட்கருவி கட்டித் தவம் செய்வதைவிடத் தனக்குப் பாடாக இருக்கிறது என்றும் ஒளிக்காமல் சொல்கிறார். செபமாலைப் பக்தி பொங்கிய அந்த நூற்றாண்டில் ஒரு கார்மேல் துறவி இப்படி எழுதியதன் துணிச்சல் இன்று நமக்கு எளிதில் உறைக்காது.

1891 அக்டோபரில் மடத்துக்குத் தியானம் கொடுக்க வந்தவர் அலெக்சி ப்ரூ என்ற பிரான்சிஸ்கன் குரு. ஆலைத் தொழிலாளர்களுக்கும் பெரும் பாவிகளுக்கும் போதிப்பதில் பேர்பெற்றவர். அடைபட்ட மடத்துப் பெண்களுக்கு ஏற்றவர் இல்லை என்று சிலர் முணுமுணுத்தார்கள். தெரேசா அவரிடம் அதிகம் பேசவில்லை. அவர் சொன்னதும் சுருக்கம்: உன் குறைகள் கடவுளை நோகச் செய்வதில்லை. இப்படியொரு வாக்கியத்தைத் தெரேசா அதுவரை யாரிடமும் கேட்டதில்லை. குறைகள் கடவுளைப் புண்படுத்தாமலும் இருக்க முடியும் என்பதே தனக்குப் புதிதாக இருந்தது என்கிறார். பயம் அவரைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. அன்று காற்று பாய்க்குள் புகுந்த கப்பல்போல நகர்ந்தார்.

இதற்குப் பின்னான தெரேசாவின் எழுத்தில் என்னை அதிகம் நிறுத்திவைப்பது ஒரு சின்னச் சண்டை. மடத்தலைவி மார்ச்சளியால் படுத்திருந்தார். நற்கருணைக் கிராதியின் சாவிகளை அவரிடம் திருப்பிக் கொடுக்கவேண்டிய பொறுப்பு தெரேசாவினுடையது. கூடவே தலைவியைப் பார்க்கலாம் என்ற உள்ளாசையும் இருந்ததை மறைக்கவில்லை. சத்தம் கேட்டால் தலைவி விழித்துவிடுவார் என்று இன்னொரு சகோதரி சாவியை வாங்கிக்கொள்ளப் பார்த்தார். இவர் கொடுக்கவில்லை. வாசலில் இழுபறி. பயந்தது நடந்தது: தலைவி விழித்துக்கொண்டார். பழி முழுவதையும் அந்தச் சகோதரி தெரேசாமீது போட்டு நீளமாகப் பேசத் தொடங்கினார். தன் பக்கத்தைச் சொல்ல வாய்வரை வந்தது. சொல்லத் தொடங்கினால் மன அமைதி போய்விடும். சொல்லாமல் அங்கேயே நின்று பொறுத்துக்கொள்ளும் அளவுக்குப் புண்ணியமும் தன்னிடம் இல்லை. மிஞ்சிய ஒரே வழி ஓட்டம். ஓடினார். இதயம் அடித்துக்கொண்டதில் தொலைவு போகமுடியாமல் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

புனிதர் வரலாறுகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இந்தக் காட்சியின் புதுமை தெரியும். வழக்கமான புனிதர் அங்கே நின்று, தலை குனிந்து, இனிய முகத்தோடு பழியை ஏற்றிருப்பார். தெரேசா தன்னால் அது முடியாது என்று அளந்து தெரிந்துகொண்டு, முடிந்ததைச் செய்கிறார். அதைச் சாதனையாகவும் காட்டவில்லை, அவமானமாகவும் காட்டவில்லை, எழுதும்போது சிரிக்கிறார். தோல்வி உறுதி என்றால் சண்டைக்கே நிற்கக்கூடாது என்று படைத்தலைவன் பாணியில் விளக்கமும் தருகிறார். குறையை ஏற்பது என்றால் நடைமுறையில் இதுதான்: தன் பலத்தைப் பற்றிய சரியான மதிப்பீடு, அந்த மதிப்பீட்டால் நொறுங்கிப்போகாத மனம்.

அந்தக் காலத்தில் பல மடங்களில் ஒரு வழக்கம் இருந்தது. உலகத்தின் பாவங்களுக்கு வரவேண்டிய தண்டனையைத் தங்கள்மேல் வாங்கிக்கொள்வதற்காகச் சிலர் இறைநீதிக்குத் தங்களைப் பலியாக ஒப்புக்கொடுத்தார்கள். தெரேசா அதை மதித்தார். ஆனால் தனக்கு அது ஒவ்வாது என்று உணர்ந்தார். 1895 ஜூன் 9 அன்று இறைநீதிக்கு அல்ல, இரக்கமுள்ள அன்புக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தார். அந்தச் செபத்தில், வாழ்க்கை முடியும் நாளில் வெறுங்கையோடு வருவதாகவும், தன் செயல்களை எண்ணிப் பார்க்க வேண்டாம் என்றும் கடவுளிடம் கேட்கிறார். பாவாடைப் பைக்குள் மணி நகர்த்திய கை அது. பணக்காரர் வீடுகளில் படியேறுவதற்குப் பதில் லிஃப்ட் வந்துவிட்டது என்று பின்னொரு முறை எழுதினார்; 1887இல் ரோமுக்குப் போன பயணத்தில் அந்தப் புதுக் கருவியைப் பார்த்திருந்தார். நிறைவின் படிகளில் ஏறத் தன் கால் சிறிது. இயேசுவின் கைகளே தனக்கு லிஃப்ட். அதற்காகத் தான் வளரத் தேவையில்லை, சிறியவளாகவே இருக்கவேண்டும். தொழிற்புரட்சியின் இயந்திரம் ஒன்று இறையியலுக்குள் இவ்வளவு இயல்பாக நுழைந்த இடம் வேறு எனக்குத் தெரியவில்லை.

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும். இது சோம்பலுக்குச் சாக்கு ஆகாதா? திருச்சபைக்கே அந்த அச்சம் இருந்தது. முயற்சியை விட்டுக் கடவுள்முன் அசையாமல் இருந்தால் போதும் என்ற மோலினோஸின் போதனையை 1687இல் ரோம் கண்டித்தது. 1699இல் பிரான்ஸின் பேராயர் ஃபெனலோன்கூட அந்தக் கண்டனத்துக்குத் தப்பவில்லை. தெரேசாவின் வழியை அந்த வரிசையில் வைக்க முடியாததற்குச் சான்று அவரிடம் பயின்ற இளம் துறவிகள். புகுநிலைத் துறவியருக்கு வழிகாட்டும் வேலை அவருக்குத் தரப்பட்டிருந்தது. அவர் கண்டிப்பானவர் என்பதே அவர்கள் அனுபவம். ஒரு கண்டனத்தைச் சொல்வதைவிட ஆயிரம் கண்டனம் வாங்குவது மேல் என்று நினைத்தவர், ஆனாலும் சொன்னார். பிறரைத் தொடும் குறையை அவர் ஒருநாளும் ‘என் சின்னத்தனம்’ என்று கொஞ்சவில்லை. இயல்பாகவே தனக்குப் பிடிக்காத ஒரு சகோதரி இருந்தார். அவரைக் கண்டால் உள்ளே எரியும். அந்த எரிச்சல் போகவேண்டும் என்று தன்னோடு மல்லுக்கட்டவில்லை. அது இருக்க இருக்கவே அவருக்கு உதவி செய்தார், முகம் பார்த்துச் சிரித்தார், முடியாதபோது இங்கும் ஓடினார். என்னிடம் அப்படி என்ன உங்களைக் கவர்கிறது என்று அந்தச் சகோதரியே ஒருநாள் கேட்டாராம்.

உணர்ச்சி வேறு, செயல் வேறு. முன்னதைப் பொறுத்துக்கொள்ளலாம், பின்னதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். இந்த வேறுபாடு இன்று அடிக்கடி குழப்பப்படுகிறது. நாம் எல்லோரும் குறையுள்ள மனிதர்கள்தானே என்ற பேச்சு, அதிகாரத்தில் இருப்பவர் ஒருவர் பலவீனமான இன்னொருவருக்குச் செய்த தீங்கை மூடவும் பயன்பட்டிருக்கிறது, திருச்சபைகளுக்குள்ளேயே. தெரேசாவின் பெயரால் அதைச் செய்ய முடியாது. அவர் பேசியது தான் சுமக்கிற குறையைப் பற்றி. மற்றவர்கள் சுமக்கும்படி இறக்கிவைத்த குறையைப் பற்றி அல்ல. மலைப்பொழிவில் விண்ணகத் தந்தையைப்போல நிறைவுள்ளவர்களாக இருக்கும்படி மத்தேயு கேட்கிறார். அதே போதனையை லூக்கா எழுதும்போது அந்த இடத்தில் இரக்கம் இருக்கிறது. இரண்டுக்கும் முகம் மற்ற மனிதரை நோக்கித்தான்.

1896 உயிர்ப்பு விழாக் காலத்தோடு தெரேசாவின் குறை வேறு ஆழத்துக்குப் போயிற்று. பெரிய வியாழன் இரவில் முதல் முறை இரத்தம் வாந்தியெடுத்தார். சில நாட்களில் விண்ணகம் என்ற நினைவே இருண்டுபோயிற்று. அதுவரை நம்பிக்கையற்றவர்கள் உண்மையில் இருக்கமாட்டார்கள், வாய்க்கு வந்ததைப் பேசுகிறார்கள் என்றே நினைத்தவர். இப்போது அப்படிப்பட்டவர்கள் இருப்பது புரிந்தது என்கிறார். அவர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து கசப்பான அப்பத்தை உண்பதாகவும், கடவுள் எழுப்பும்வரை அந்தப் பந்தியைவிட்டு எழ விரும்பவில்லை என்றும் எழுதினார். விசுவாசப் பிரமாணத்தைத் தன் இரத்தத்தால் எழுதி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். கடைசி மாதங்களில் வலி கடுமையானபோது, இப்படித் துன்புறுகிறவர்கள் பக்கத்தில் நஞ்சுள்ள மருந்துகளை வைக்கவேண்டாம் என்று கவனித்துக்கொண்டவர்களை எச்சரித்தார்; விசுவாசம் மட்டும் இல்லாவிட்டால் தான் என்ன செய்திருப்பேன் என்பதையும் மறைக்கவில்லை. தியானத்தில் தூங்கியதையும் சாவிச் சண்டையையும் கேட்டுப் புன்னகைப்பவர்கள் இந்த இடத்தையும் அதே வரிசையில் வைத்துப் படிக்கவேண்டும். குறையோடு கடவுள்முன் நிற்கும் பழக்கம் சின்ன விஷயங்களில் உண்டானதால்தான், விசுவாசத்தின் இனிமையே போய்விட்ட போதும் அவர் நகராமல் நின்றார் என்று எனக்குத் தோன்றுகிறது.

குறையோடு கடவுள்முன் நிற்கும் இந்தப் போதனையை அவர் முதலில் எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் மொரிஸ் பெல்லியேர். குருமாணவர், மறைப்பணிக்குப் போக விரும்பியவர். அவருக்காகச் செபிக்கும்படி 1895இல் மடம் தெரேசாவிடம் ஒப்படைத்தது. இருவரும் ஒருமுறையும் சந்திக்கவில்லை, கடிதங்கள் மட்டுமே. 1897 ஜூலையில் தெரேசா சாகப்போவது தெரிந்ததும் பெல்லியேருக்கு ஒரு விசித்திரமான பயம் வந்தது: விண்ணகம் போனபின் தன் பழைய குற்றங்களும் இப்போதைய தள்ளாட்டமும் அவருக்குத் தெரிந்துவிடும், பாசம் போய்விடும். அந்த மாதத்தில் தெரேசா அவருக்கு எழுதிய ஒரு கடிதத்தில் ஒரு கதை உண்டு. தப்பு செய்த இரண்டு பிள்ளைகள். ஒருவன் அடிக்குப் பயந்து ஓடுகிறான். இன்னொருவன் தந்தையின் கைகளில் விழுந்து, என்னை முத்தத்தால் தண்டியுங்கள் என்கிறான். இதே பிள்ளை நாளைக்கும் இதே தப்பைச் செய்வான் என்று தந்தைக்குத் தெரியும், ஆனாலும் மன்னிக்கிறார் என்பதை அவர் சேர்க்க மறக்கவில்லை. அறநூல்கள் வழக்கமாகத் தவிர்த்துவிடும் வாக்கியம் இது.

பெல்லியேர் ஆப்பிரிக்கா போனார். வெள்ளைக் குருக்கள் சபையில் சேர்ந்து நியாசாலாந்தில், இன்றைய மலாவியில், பணி செய்தார். அங்கே நிலைக்க முடியவில்லை. உடலும் மனமும் கெட்டுத் திரும்பினார். 1907இல், 33 வயதில், கான் நகரத்து போன் சோவர் மனநல மருத்துவமனையில் இறந்தார். தெரேசாவின் தந்தை லூயி மர்த்தேன் மூளை கலங்கி மூன்றாண்டு கிடந்ததும் அங்கேதான். பெல்லியேரின் வாழ்க்கையை வெற்றிக் கதையாக்கும் பிற்பகுதி எதுவும் இல்லை. தெரேசாவின் வழியைப் பின்பற்றியதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத விரும்புகிறவர்கள் அவரைக் குறிப்பிடாமல் கடந்துபோவது புரியக்கூடியது.

வீட்டிலேயே இன்னொருவர் இருந்தார். ஐவரில் மூன்றாமவர் லெயோனி. நோஞ்சான் குழந்தை, படிப்பில் பின்தங்கியவள், அடங்காதவள் என்று தாயின் கடிதங்களில் அவளைப் பற்றிய கவலை ஓயாது வருகிறது. மற்ற நால்வரும் ஒரே மடத்துக்குள் போய் நிலைத்தார்கள். லெயோனி 1886இல் கிளாரா சபையில் சேர்ந்து சில வாரங்களில் திரும்பினார். அடுத்த ஆண்டு கான் நகரத்து விசிட்டேஷன் மடத்தில் சேர்ந்து மாதங்களில் திரும்பினார். 1893இல் மறுபடி அங்கே போய் இரண்டாண்டில் மறுபடி வெளியே. 1899இல், தங்கையின் புத்தகத்தைப் படித்தபின், நான்காம் முறை சேர்ந்தார். 1941இல், 78 வயதில், சாகும்வரை அங்கேயே இருந்தார். பெரிய பதவி எதுவும் வகிக்கவில்லை, புத்தகம் எழுதவில்லை. இன்று அவர் கல்லறையைத் தேடி வருகிறவர்களில், சமாளிக்க முடியாத பிள்ளைகளைப் பெற்றவர்கள் நிறைய என்று சொல்கிறார்கள்.

2015இல், லூயியும் ஸெலியும் புனிதர்களாக அறிவிக்கப்பட்ட அதே ஆண்டில், லெயோனிக்குப் புனிதர் பட்டம் தருவதற்கான மறைமாவட்ட விசாரணை தொடங்கியது. இத்தகைய விசாரணையில் தேடப்படுவது வீரத்துவ அளவில் நற்பண்புகள்: விசுவாசம், நம்பிக்கை, அன்பு, விவேகம், நீதி, துணிவு, மிதம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சாட்சியம் வேண்டும். தெரேசாவுக்கும் 1910 முதல் இப்படித்தான் விசாரித்தார்கள். சாவிச் சண்டையில் ஓடியவரிடம் வீரத்தை நிறுவ அக்காமாரும் சகோதரிகளும் நாட்கணக்கில் சாட்சி சொன்னார்கள். 1921இல் பதினைந்தாம் ஆசிர்வாதப்பர் அதை ஏற்றார். 1997இல் இரண்டாம் யோவான் பவுல் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநர் என்றார். 2023இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவருடைய நம்பிக்கையைப் பற்றி ஒரு திருத்தூது ஊக்கவுரையே எழுதினார். லெயோனியின் கோப்பில் மூன்று முறை மடத்தைவிட்டு வெளியேறியதை எந்தத் தலைப்பின்கீழ் வைப்பார்கள், துணிவிலா, நம்பிக்கையிலா, அல்லது அவருக்கு எதிரான குறிப்புகளிலா என்பதை அந்தக் கோப்பை எழுதுகிறவர்கள் தீர்மானிக்க வேண்டியிருக்கும்.